கதவு திறக்கும் சிவப்பு வண்டி

என் அக்கா மகளுக்குக் காது குத்துவதற்காக நான் ஒரு காரின் கதவுகளை அறுத்து எடுத்தேன். இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நிஜக் கார் இல்லை, ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் கார். ஆனால் அந்தக் கதவுகளை அறுத்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்ட மாதிரி, பின்னால் தாலி கட்டும்போதுகூட அடித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரி இதைப் படித்தால் படிக்கட்டும், அவளுக்கே தெரியும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. பக்கத்துத் தெருவில் மாடி போர்ஷன், தனிக்கட்டை. சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு கைலியோடு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் பள்ளித் தோழன் ஊருக்கு வரும்போது எல்லாருக்கும் தைலமும் சென்ட்டும் கொண்டுவருவான், எனக்கு மட்டும் கார் கிட். அட்டைப்பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் காய்த்துத் தொங்கும். ஸ்டியரிங், சீட், எஞ்சின், சைலன்சர், மழைத்தண்ணீர் துடைக்கும் வைப்பர்கூடத் தனியாக இருக்கும். ஒவ்வொன்றையும் நறுக்கி, பிசிறு தேய்த்து, பெயிண்ட் அடித்து, பசை வைத்து ஒட்ட வேண்டும். எல்லாம் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெளிநாட்டு ரோட்டில் ஓடிய பழைய வண்டிகள். எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் பெரியவர்கள் ‘பிளசர்’ என்பார்களே, அந்த மாதிரி மூக்கும் முழியுமாக இருக்கிற வண்டிகள்.

கிளினிக்கில் என்னைப் ‘பொம்மைக்காரர்’ என்பார்கள். பொம்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சுர்ரென்று ஏறும். பொம்மைக்கு எஞ்சினில் வயர் உண்டா? நான் போடுவேன். பழைய ரேடியோ காயிலைப் பிரித்து, தலைமுடி கனத்தில் செம்புக் கம்பி எடுத்து, பிளக்குக்குப் பிளக்கு வயர் இழுப்பேன். நிக்கல் பட்டை ஓடுகிற இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மெல்லிசாக நறுக்கி, தீக்குச்சியால் அழுத்தி ஒட்டுவேன். கெட்டுப்போன எக்ஸ்ரே ஃபிலிமை ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் லேசான நீலத்தில் கண்ணாடி கிடைக்கும். யாரோ ஒருவரின் முழங்கால் எலும்பு தெரிந்த ஃபிலிம் வழியாக என் வண்டியின் டிரைவர் ரோட்டைப் பார்ப்பார். அதை நினைத்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

இந்தக் கிறுக்கு எனக்கு மட்டும் இல்லை, கூட ஒருவன் இருந்தான். சௌராஷ்டிரா வீட்டுப் பிள்ளை, பரம்பரையாகப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பம். நான் வெட்டுவேன், ஒட்டுவேன். நிறம் அவன் பொறுப்பு. நான் அவன் வீட்டுக்குப் போனால் அவன் அம்மா அவர்கள் பாஷையில் ஏதோ சொல்வார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனால் திட்டு என்று மட்டும் புரியும். கையில் காப்பியையும் கொடுத்துவிட்டுத்தான் திட்டுவார்.

இப்போது காதுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவது என்றால் குலதெய்வம் கோயிலில் வைத்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு மேளதாளத்தோடு வர வேண்டும். என் அக்கா மகளுக்கு அதெல்லாம் அவளுடைய மூன்றாவது வயதிலேயே நடந்தது. நடந்தது என்றால், சீர் வந்தது, மேளம் அடித்தது, கிடா வெட்டினார்கள், பிள்ளை என் மடியில் உட்கார்ந்தது. ஆசாரி ஊசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பிள்ளை அவர் விரலைக் கவ்விக் கடித்துவிட்டு, என் வேட்டியை உருவிக்கொண்டு ஓடிவிட்டது. பந்தல் முழுக்கச் சிரிப்பு. கறிச்சோறு தின்று, ஏப்பம் விட்டு, எல்லாரும் வண்டி ஏறிப் போனார்கள். காது மட்டும் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் ஊசி என்ற பேச்சை எடுத்தாலே அவள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். வருஷங்கள் ஓடி, ஒன்றாம் வகுப்பு சேர்க்கிற வயது வந்துவிட்டது. அக்காவின் மாமியார் வாய் சும்மா இருக்குமா. போகிற வருகிறவர்களிடமெல்லாம், “மூளிக் காதோட பள்ளிக்கூடம் போகப் போறா என் பேத்தி. மாமன் மடி ராசி அப்பிடி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் மடி ராசியில்லாத மடியாம். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி மாதம் அக்கா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, வைகாசியில வச்சு மறுபடி குத்திப்புடணும்னு இவுக முடிவு பண்ணிட்டாக. இந்த வாட்டியும் குத்தாமத் திரும்புனா அந்த வீட்டுல நான் தலை நிமிர முடியாதுடா. அவுக அம்மா பேசுற பேச்சை என்னால கேக்க முடியல.”

என் அக்கா லேசில் கண் கலங்குகிறவள் இல்லை. அன்றைக்குக் கலங்கினாள். இவ்வளவுக்கும் காரணமான பெரிய மனுஷி என் அலமாரிக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வண்டிகளை ஒவ்வொன்றாகப் பார்வையிட்டுக்கொண்டிருந்தாள்.

“மாமா, இதுல எப்பிடி ஏறுறது?”

“ஏற முடியாதுடா தங்கம். சின்ன வண்டி.”

“கதவைத் தொறந்து காட்டு.”

“தொறக்காது. சேர்த்தே செஞ்சிருக்கான்.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, எடை குறைவாகப் போட்ட மளிகைக்கடைக்காரனைப் பார்க்கிற பார்வை அது. “தொறக்காத கதவு எதுக்கு?” என்றாள்.

இத்தனை வருஷம் வண்டி ஒட்டியிருக்கிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அலமாரியை இன்னொரு தரம் பார்த்துவிட்டு அவளாகவே விலை சொன்னாள்.

“செவப்பு வண்டி வேணும். கதவு தொறக்கணும். கொண்டாந்தா காது குத்திக்கிறேன்.”

“கடிக்க மாட்டியே?”

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். “கடிக்க மாட்டேன்” என்றாள்.

“டேய், செஞ்சு குடுத்துருவேல்ல?” என்றாள் அக்கா. குரல் கெஞ்சியது.

“இதென்ன பெரிய விஷயம்” என்றேன். வாய்தான் சொன்னது. நான் வாங்கி வைத்திருந்த எந்த கிட்டிலும் கதவு திறக்காது. உடம்பு மொத்தமும் ஒரே வார்ப்பு, கதவு இருக்கிற இடத்தில் கோடு மட்டும் ஓடும். திறக்க வேண்டுமென்றால் அந்தக் கோட்டிலேயே அறுக்க வேண்டும். கை கொஞ்சம் வழுக்கினால் போச்சு, வண்டியைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

இருந்ததிலேயே அழகான கிட்டை எடுத்தேன். பின்பக்கம் மீன் வால் மாதிரி இரண்டு சிறகு எழும்பி நிற்கும் நீள வண்டி. சர்ஜிக்கல் பிளேடை வைத்து, கோட்டின் மேல் அழுத்தாமல் இழுத்தேன். மறுபடி இழுத்தேன். சுருள் சுருளாகப் பிளாஸ்டிக் வந்தது. பிளேடு நுழையாத மூலைகளுக்குச் சாயக்கார நண்பன் ஒரு வழி வைத்திருந்தான். முறுக்கேறிய பட்டு இழை ஒன்றைத் துளை வழியாகக் கோத்து, இரண்டு கையாலும் முன்னும் பின்னும் இழுத்தான். இழை சூடேறி பிளாஸ்டிக்கை வெண்ணெய் மாதிரி அறுத்தது. “மாப்ள, எங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாரு, பட்டு நூலை எதுக்கு இழுக்குறேன் பாரு” என்று சொல்லிக்கொண்டே இழுத்தான். கதவு கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது. இன்னொரு கதவு பாக்கி இருந்தது.

கீல் செய்வதுதான் அடுத்த வேலை. பால்பாயிண்ட் ரீஃபிலைப் பொடித்துண்டாக நறுக்கி உடம்பில் ஒட்டி, குண்டூசியை வளைத்துக் கதவில் ஒட்டி, ஊசியை ரீஃபிலுக்குள் சொருகினேன். முதலில் கதவு தொங்கியது. பிறகு இடித்தது. பிறகு திறந்து, மூட மறுத்தது. எத்தனை முறை பிய்த்து ஒட்டினேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நகத்தால் லேசாக இழுத்தேன். திறந்தது. தள்ளினேன். டக்கென்று மூடிக்கொண்டது. ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கி ஓடி, கீழே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஹவுஸ் ஓனரம்மாவிடம் காட்டினேன். திறந்து மூடி, திறந்து மூடிக் காட்டினேன்.

“தொறக்குது தம்பி” என்றார். “சாப்பிட்டியா?”

அடுத்தது சிவப்பு. கடையில் கிடைக்கிற வண்டிப் பெயிண்டைத் தின்னரில் கலந்து அடித்தால் பிளாஸ்டிக் கொப்பளித்துவிடும், அந்தப் பாடம் எனக்கு ஏற்கெனவே ஆகியிருந்தது. நண்பன் நகப்பாலீஷ் என்றான். நல்ல ப்ரைமர் பூச்சின் மேல் மெல்லிசாக ஏற்றினால் பளபளப்பில் அதற்கு ஈடு கிடையாது என்றான். ஃபேன்சி ஸ்டோருக்குப் போய், இருந்த சிவப்பு பாட்டில்களையெல்லாம் வெளியே எடுக்கச் சொல்லி, மூடியைத் திறந்து திறந்து வெளிச்சத்தில் பார்த்தான். “இதுல நீலம் ஓடுது, இது செங்கல்லு, இது ரத்தம்” என்று ஒதுக்கினான். பின்விளக்குக்காகச் சிவப்புக் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டும் ஒரு அட்டை எடுத்தோம். கடைக்காரப் பெண் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, வீட்டுல எத்தன பொண்ணுங்க?” என்று கேட்டாள். நண்பன் என்னைக் காட்டி, “இவன் ஒருத்தன்தான்” என்றான். அந்தக் கடைப் பக்கம் நான் அதற்கப்புறம் போகவில்லை.

வைகாசி வந்துவிட்டது. காது குத்து வெள்ளிக்கிழமை. கடைசிப் பூச்சு புதன்கிழமை காலையில் விழுந்தது. சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு, முகம் பார்க்கலாம். இனி காய வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் காய வைக்க வேண்டுமென்றால் யாராவது யோசிப்பார்களா? வடகமோ வத்தலோ துவைத்த துணியோ, எல்லாமே மொட்டை மாடிக்குத்தான் போகும். நானும் கொண்டுபோனேன். ஹவுஸ் ஓனரம்மா வேட்டி விரித்து வத்தல் பிழிந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் வண்டியை வைத்தேன். தூசி விழக்கூடாது, காக்கா கொத்தக்கூடாது என்று, காலியாகக் கிடந்த மீன் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து மூடினேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு, விசில் அடித்தபடி கிளினிக்குக்குப் போனேன்.

மதியம் சாப்பிட வந்தபோது மேலே ஏறிப் பார்த்தேன். அக்னி நட்சத்திர வெயில், காலை வைக்க முடியவில்லை. கண்ணாடித் தொட்டியைத் தொட்டால் கை சுட்டது. உள்ளே என் வண்டியின் கூரை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நெளிந்து, சீட்டின் மேல் படுத்திருந்தது. கூரையைத் தாங்கிய தூண்கள் மடங்கியிருந்தன. ஜன்னலுக்குக் கீழே உடம்பெல்லாம் அப்படியே இருந்தது, ஆனால் மேலே தொங்கிய கூரை கதவுகளை அழுத்திக்கொண்டிருந்தது. திறக்கவில்லை.

அப்படியே வத்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். சுட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. ஹவுஸ் ஓனரம்மா மேலே வந்து ஒரு வத்தலை ஒடித்துப் பார்த்தார். “இன்னைக்கு நல்லாக் காஞ்சிருச்சு தம்பி” என்றார். வந்ததே எனக்குக் கோபம், ஆனால் யாரிடம் காட்டுவது? கண்ணாடிக்குள் வெயிலை அடைத்தால் என்ன ஆகும் என்று எட்டாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். நான் கதிர்வீச்சு படித்தவன் வேறு.

நண்பன் மொபெட்டில் பறந்து வந்தான். வண்டியைக் கையில் வாங்கி, சுற்றிச் சுற்றிப் பார்த்தான். நான் வெந்நீரில் முக்கி நிமிர்த்தலாம் என்றேன். பெயிண்ட் உரியும் என்றான். வேறு வண்டி தரலாம் என்றேன், கதவு திறக்காது என்றான். எனக்கு அக்காவின் முகம்தான் வந்து வந்து போனது. அந்தப் பிள்ளை ஏமாந்தால் ஊசிக்கு உட்கார மாட்டாள். அவள் உட்காராவிட்டால் அக்கா அந்த வீட்டில் என்ன பேச்சுக் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

“மாப்ள” என்றான் நண்பன். “கூரையை எடுத்துரு.”

“என்னது?”

“இந்த வண்டியே அந்தக் காலத்துல கூரை இல்லாமயும் வந்துச்சுல்ல. மேல மடக்குற துணி போட்டு. எடுத்துரு.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆமாம், வந்தது. படத்தில் பார்த்திருக்கிறேன், திறந்த வண்டி, காற்றில் தலைமுடி பறக்கிற வண்டி. மறுநாள் லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் உட்கார்ந்தோம். மறுபடி பட்டு இழை, மறுபடி பிளேடு. முன்கண்ணாடிச் சட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, வெந்த கூரையைச் சீவி எடுத்தோம். எடுத்ததும் கதவுகள் இரண்டும் தானாகவே விட்டுக்கொடுத்தன. ஆனால் கூரை போனதும் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவைத்த சீட்டுக்குத் தையல் கோடு இழுத்தேன். தரைக்கு நகைப்பெட்டி வெல்வெட் வெட்டி ஒட்டினேன். அவன் கறுப்புப் பட்டுத் துண்டைக் கொசுவி, மடக்கிய கூரையாகப் பின்னால் பதித்தான். எக்ஸ்ரே ஃபிலிம் கண்ணாடியை முன்னால் பொருத்தினேன். சாயங்காலம் வெளிச்சம் சாய்கிறபோது வண்டியை ஜன்னலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். கூரையோடு இருந்ததைவிட நூறு மடங்கு அழகு. நண்பன் என் தோளில் ஒரு அடி அடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை உசிலம்பட்டி பஸ்ஸில் அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரை மனசுக்குள் வைதேன். பக்கத்தில் இருந்தவர், “என்ன தம்பி, முட்டையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன், அப்போதாவது தள்ளி உட்காருவாரே என்று.

கோயிலில் சீர் கிளம்பியது. பழத்தட்டு, பூத்தட்டு, பட்டுப்பாவாடை, தோட்டுத்தட்டு. என் கையில் இருந்த தட்டில் சிவப்பு வண்டி. மச்சான், “மாப்ள, இது என்னய்யா?” என்று குனிந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். அக்காவின் மாமியார் அடக்கவில்லை. “சீருல பொம்ம வச்சுக் கொண்டாந்த தாய்மாமனை இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றார், பந்தல் கேட்க. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பிள்ளை யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தட்டுக்கு வந்து, வண்டியை எடுத்து, ஒரு கதவை நகத்தால் இழுத்தாள். திறந்தது. மறுபக்கக் கதவையும் இழுத்தாள். அதுவும் திறந்தது. இரண்டையும் மூடினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“மேல மூடி எங்க?”

“வெயில்ல வெந்துபோச்சுடா.”

உள்ளே எட்டிப் பார்த்து, சீட்டை விரலால் தடவினாள். “இருக்கட்டும்” என்றாள். வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஆசாரி பழைய ஆசாரியேதான். இந்தத் தடவை விரலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, காதில் சந்தனப் பொட்டு வைத்து அடையாளம் செய்தார். மேளம் உச்சத்துக்கு ஏறியது. பிள்ளை வண்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவள் நெஞ்சு அடிப்பது என் கைக்குத் தெரிந்தது. என்னுடையது அவள் முதுகுக்குத் தெரிந்திருக்கும். அக்கா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

ஊசி இறங்கியது. பிள்ளையின் உடம்பு விறைத்தது. அதே நேரத்தில் சடக்கென்று ஒரு சத்தம். மேளத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. கண்ணாடிச் சட்டம் உடைகிற சத்தம் எனக்குத் தெரியாதா? ஒரு கதவும் கீலோடு கழன்று என் வேட்டியில் விழுந்தது. அத்தனை மாசத்து வேலை அவள் பிடிக்குள் நொறுங்கியது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் துளி வருத்தம் வரவில்லை. அவள் கடிக்கவில்லை, அழவில்லை, ஓடவில்லை. ஒரு காதில் தங்கக் கம்பி தொங்கியது.

அப்புறம்தான் அவள் கையைப் பிரித்துப் பார்த்தாள். உடைந்த வண்டியைப் பார்த்ததும் உதடு பிதுங்கி, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மேளக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். “அவ்வளவுதான், இனி இன்னொரு காது நடந்த மாதிரிதான்” என்றார் அக்காவின் மாமியார்.

“ஒட்டிரலாமா மாமா?” என்றாள் பிள்ளை, விம்மலுக்கு நடுவே.

“ஒட்டிரலாம்டா. பசை பெட்டியிலதான் இருக்கு.”

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். உடைந்த கதவை என் வேட்டியிலிருந்து பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். பிறகு முகத்தைத் திருப்பி, குத்தாத காதை ஆசாரியிடம் தானாகவே நீட்டினாள்.

“சீக்கிரம் குத்துங்க தாத்தா” என்றாள். “மாமாவுக்கு வேலை இருக்கு.”